மூன்று மண்டலம் தொடாமல்

1951 ஜூன் 4, திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பது. கொல்லம் கணக்கில் 1126 வைகாசி 21. வானம் மூடிக் கிடந்தது. தூறல், மேற்குக் காற்று. கால்வாயில் குளித்துக் கரையேறித் தலை துவட்டும்போது என் இடது முன்கையின் உட்பக்கத்தில், முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே, காலணா அளவில் வெளுத்த ஓர் இடத்தைப் பார்த்தேன். ஈரத்தில் கை முழுவதும் மினுங்கியது. அந்த இடம் மட்டும் சாம்பல் தடவியது போல மங்கியிருந்தது.

அப்போது எனக்கு முப்பது வயதும் நான்கு மாதமும். அணையிலிருந்து வயல்களுக்கு வரும் கால்வாய்களில் தினமும் எத்தனை அடி, எத்தனை அங்குலம் தண்ணீர் ஓடுகிறது என்று பதிவேட்டில் எழுதும் குமாஸ்தா வேலை. எனக்கு முன்னால் அதே மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவருக்குப் பெருவியாதி கண்டிருந்தது. தொழுநோய் என்று இப்போது சொல்கிறோம். அன்று அந்தப் பெயரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு வந்திருப்பது வெளியே தெரிந்தது. அவரை ஆஸ்பத்திரியில் கொண்டு விட்டார்கள். அவர் வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணமாகாமல் நின்றுபோனார்கள். வலது கையால் எழுதுகிறவனின் இடது முன்கை மேசை விளிம்பில் படிந்திருக்கும். அவர் கை பட்டுப் பட்டுக் கறுத்த மரத்தின்மேல் என் கை இரண்டு வருஷம் மூன்று மாதமாகப் படிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே மூன்று தடவை பினாயில் விட்டுத் துடைத்தேன். மூன்று போதுமா, நான்காவது தடவை துடைத்திருக்க வேண்டுமா என்பது கரையில் நின்ற எனக்கு வந்த முதல் யோசனை.

வீட்டில் என் மனைவியும் மகளும். மகளுக்கு இரண்டு வயது ஏழு மாதம். ஆறாம் மாதத்திலிருந்தே அவளுக்குக் கரப்பான். முழங்கை மடிப்பிலும் கால்முட்டிக்குப் பின்னாலும் தோல் சிவந்து தடித்து, பொழுது சாயச் சாய அரிப்பு ஏறும். நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவளை இடது கைமேல் சாய்த்துக்கொள்வேன். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயைத் தொட்டு மடிப்புகளில் பைய நீவி, வலது கையால் முதுகில் தட்டுவேன். அவள் சொறிவதை விட்டுத் தூங்கிப்போவாள். ஒரு வாரம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். குறைந்தது அறுபத்தெட்டுத் தட்டு, கூடியது நூற்றுப் பதின்மூன்று. என் மனைவி தட்டினால் இருநூறைத் தாண்டும்.

அன்று மாலை வழக்கம்போல இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, தூக்கு."

"அப்பா நனைஞ்சிருக்கேன் மக்கா." ஓரடி பின்வாங்கினேன். அது முதல் பொய். தூறல் நின்று வெகுநேரமாகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் பதிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியின் தையல் ஊசியால் அந்த இடத்தில் குத்திப் பார்த்தேன். பெருவியாதி என்றால் உணர்ச்சி இருக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை குத்தினேன். பதினான்கு தெரிந்தது. ஆறு தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. இருபதில் ஆறு. அந்தக் கணக்கை நான் நம்பினேன். எண்ணிப் பார்த்து வந்த கணக்கை அதற்கு முன் நான் சந்தேகப்பட்டதே இல்லை.

வெளியே சொன்னால் வேலை போகும். மனைவிக்குக் கல்யாணமாகாத தங்கைகள் இரண்டு பேர். மகள் வளர்ந்து அவளுக்கும் ஒரு நாள் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். சொல்லாமல் இருக்கலாம், ஆனால் தொடாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். விரதக்காரனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"நேத்திலேருந்து ஒரு விரதம் எடுத்திருக்கேன்" என்றேன் மனைவியிடம்.

"யாருக்கு?"

"திருச்செந்தூருக்கு. ஒரு மண்டலம்."

"நல்ல காரியம்தானே. என்னத்துக்குன்னு சொல்லப்பிடாதா?"

"வேண்டுதல வெளிய சொல்லப்பிடாது."

அவள் மகளைப் பார்த்தாள். "பிள்ளைக்குக் கரப்பான் மாறணும்னுதானே?"

நான் தலையாட்டினேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவளும் ஒருபொழுது இருந்தாள்.

எங்கள் பக்கம் மண்டலம் என்றால் நாற்பத்தொரு நாள். பாண்டிநாட்டில் நாற்பத்தெட்டு. திருச்செந்தூர் பாண்டிநாட்டில் இருக்கிறது, ஆகவே நாற்பத்தெட்டு என்றேன். ஏழு நாள் கூடுதலாகக் கிடைத்தது. முன்னறையில் தனிப்பாய், தனிச் செம்பு, தனி இலை. என் துணியை நானே துவைத்துக்கொண்டேன். விரதக்காரன் மேலுக்கு ஒரு துண்டோடு இருப்பதுதான் வழக்கம். நான் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. சளிக்கட்டு என்று சொன்னேன்.

மனைவியைத் தொடாமலிருக்க விரதம் போதும். மகளுக்குப் போதவில்லை.

"பிள்ளையத் தொட்டா விரதம் முறியும்னு எந்த ஊருச் சட்டம்? கேட்டேளா, உங்களத்தான். அது அழுகுது."

"நான் எடுத்தது கடும் விரதம்."

"கடும் விரதமா? மலையில போயில்லா இருக்கணும்? வீட்டுக்குள்ள உக்காந்துட்டு என்ன கடுமை?"

மகளுக்கு அவள் பாஷையிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் கருப்பட்டி. நான் ஒரு துண்டை மேலேயிருந்து அவள் வாய்க்குள் போடுவேன், என் விரல் உதட்டில் படாதபடி. கையை நீட்டினால் கருப்பட்டி கிடையாது. முதல் நாள்களில் வாயைத் திறந்தபடியே கையையும் நீட்டிவிடுவாள். உடனே ஞாபகம் வந்து பின்னால் இழுத்துக்கொள்வாள். பத்தொன்பது துண்டில் படித்துவிட்டாள். கெட்டிக்காரி என்று அன்று பெருமைப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தினமும் காலை ஏழு பத்துக்கு அலுவலக அடிக்கோலால் அந்த இடத்தை அளந்தேன். ஜூன் 4 அன்று ஆறரை நூல்; எட்டு நூல் ஓர் அங்குலம். ஜூலை 21, முதல் மண்டலம் முடிந்த நாள், ஓர் அங்குலமும் ஒரு நூலும். வளர்ந்திருந்தது. மறுநாளே இரண்டாவது மண்டலம் எடுத்தேன்.

ஊருக்குள் மருந்து வாங்கினால் முகம் தெரியும் என்று இரண்டு பஸ் மாறிப் புதுக்கடைச் சந்தைக்குப் போனேன். பெருவியாதிக்கு மரோட்டிக்கொட்டை எண்ணெய் தேய்ப்பார்கள் என்று கேட்டிருந்தேன். கடைக்காரர் என் சட்டைக் கையைப் பார்த்தார்.

"மரோட்டி எண்ண ஆருக்கு?"

"காளைக்கு. தோள்ல புண்ணு."

"காளைக்காணெங்கி ஈச்ச வராத அளவுக்கு மேல தடவினாப் போதும். மனுசனுக்காணெங்கி எண்ண தேய்ச்சோண்டு இருக்காண்டாம், டாக்டரப் போய்ப் பாருங்க."

"காளைக்குத்தான்."

"செரி, காளைகிட்டயும் சொல்லுங்க."

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நான் புட்டியைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அலுவலகத்திலேயே, அழுத்தித் தேய்த்தேன். ஒன்பதாம் நாள் தோல் கறுத்தது. பதினான்காம் நாள் உரிந்தது. பிறகு நீர் கசிந்தது. நோய் முற்றுகிறது என்று எண்ணி மூன்று வேளையாக்கினேன். எண்ணெய்தான் தோலைத் தின்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாடை கேட்ட மனைவியிடம், விரத விளக்குக்கு வாங்கிய எண்ணெய் என்றேன். பொய்களை இருபத்து மூன்று வரைக்கும் எண்ணினேன். அதற்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

தூக்கம் போனது. படுத்தால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கும். விரதத்துக்கு முன் என் நாடி எழுபத்திரண்டு. ஆகஸ்டில் தொண்ணூற்றாறு. முதுகிலும் பிடரியிலும் அரிப்புத் தொடங்கியது. அங்கே வெளுப்பு எதுவும் இல்லை. பஸ்ஸில் யாராவது தோளில் இடித்தால் அந்த இடம் கொஞ்ச நேரம் இதமாக இருந்தது. அந்த இதத்துக்காக நெருக்கடியான பஸ்ஸாகப் பார்த்து ஏறத் தொடங்கினேன். நோயாளி ஊரை இடிக்கலாமா என்ற பயம் ஒரு பக்கம். ஆனாலும் ஏறினேன்.

மகளின் கரப்பான் ஆகஸ்டில் வெடித்தது. மடிப்புகளை விட்டுத் தொடைக்கும் கழுத்துக்கும் ஏறியது. பொழுது சாய்ந்தால் முன்னறை வாசற்படியில் வந்து நிற்பாள். கையைப் பின்னால் கட்டி நின்றபடியே, பின்னால் ஒரு கையால் மறு கையைச் சொறிவாள். கருப்பட்டிக்கு வாய் திறக்கும்போது முதுகுப் பக்கம் நகம் பறண்டும் சத்தம் எனக்குக் கேட்கும். கஞ்சி பாதிக்கு மேல் இறங்கவில்லை. என் மனைவி இருநூறு, முந்நூறு என்று தட்டுவாள். தட்டிக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போவாள். காலையில் பிள்ளையின் பாயில் ரத்தப் புள்ளிகள். ஒரு நாள் எண்ணினேன், முப்பத்தொன்று.

நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்து ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன். நான் கொடுத்துவிட்டேன். ஜூன் நான்குக்கு முன்னாலேயே என் இடது கையிலிருந்து அவளுக்கு ஏறிவிட்டது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இன்னும் விலக வேண்டும்.

படித்துறையில் பெண்கள் என் மனைவியைச் சும்மா விடவில்லை.

"என்னட்டி, ஒம் மாப்பிள சாமியாராப் போறாரா?"

"போனா ஒங்க வீட்டுக்குத்தான் பிச்சைக்கு வருவாரு. அரிசி அளந்து வெய்யி" என்று அவள் அங்கே பதில் சொல்லிவிட்டு வருவாள். வீட்டில் என்னிடம் அந்தச் சிரிப்பு கிடையாது.

"ஒரு மண்டலம் கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டாவது எதுக்கு? பிள்ளைக்குக் கூடிட்டுல்லா வருகு. சாமி கண்ணத் தொறக்கல்லன்னா விட்டுப் போட்டு வேற வழியப் பாக்கணும்."

"விரதம் முறிஞ்சா இன்னும் கூடும்."

"நான் ஏதாச்சும் தப்பு செய்தேனா? அதயாச்சும் சொல்லுங்க. என்னப் பாத்தா ஒங்களுக்கு அருவருப்பா இருக்கா?"

அவள் என் தனிச் செம்பை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். பிறகு அவளே போய் எடுத்து, சாம்பல் போட்டுத் துலக்கி, இருந்த இடத்தில் வைத்தாள். செம்பின் வாயில் ஒரு நெளிவு விழுந்திருந்தது.

செப்டம்பர் 7, இரண்டாவது மண்டலம் முடிந்து மறுநாள் மூன்றாவது தொடங்கியது. செப்டம்பர் 12, புதன்கிழமை, மகளைக் கோட்டாற்றில் என் மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். இங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டில் இருக்கட்டும் என்றேன். தண்ணீரைப் பற்றிச் சொல்ல எனக்கு உத்தியோக அதிகாரம் உண்டே. மனைவி வாதாடவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பொழுது சாயத் தனியாகத் திரும்பி வந்தாள். அன்று மாலை வாசற்படி காலியாக இருந்தது. என் சட்டைப் பையில் கருப்பட்டித் துண்டு இருந்தது.

அக்டோபர் 24, புதன்கிழமை, மாலை நாலரை. அன்று நூற்று நாற்பத்து மூன்றாவது நாள். மறுநாள் மூன்றாவது மண்டலம் முடிகிறது. அதையும் தாண்டி நான்காவது எடுப்பதென்று நான் தீர்மானித்திருந்தேன். என் மனைவியோ முடிவு நாளைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவில்லை. திருச்செந்தூருக்குப் போக வேண்டுமே என்று என் துணிப்பையைத் துவைக்க எடுத்துக் கவிழ்த்தாள். புட்டி விழுந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"இது மரோட்டி எண்ணெயில்லா?"

"விளக்குக்கு."

"எங்க ஊர்ல வயசான ஒரு பாட்டா ஒதுக்குப்புறமா குடிசையில கிடந்து இதத்தான் தேச்சாரு. விளக்குக்காம் விளக்கு. சட்டையக் கழத்துங்க."

"கிட்ட வராத. விரதம்..."

"விரதம் நாசமாப் போகட்டு. கையக் காட்டுங்க."

நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவள் என் இடது கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். பொத்தான் தெறித்து எங்கோ உருண்டது. பார்த்தாள். கத்தவில்லை. புண்ணைச் சுற்றிப் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"கண்ண மூடுங்க. இப்ப?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது."

"நான் இப்ப தொடவே இல்ல. இப்ப?"

"இப்ப தொட்டிருக்க."

பதினொரு தடவை தொட்டாள். பதினொன்றும் தெரிந்தது. பதினொன்றாவதில் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தேன். அவளும் கையை விடாமல் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை நாகர்கோவிலில் ஒரு தோல் டாக்டர். பஞ்சுத் திரியாலும் ஊசியாலும் பார்த்தார். முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார்.

"முதல்ல இருந்தது வெறும் தேமல் ஓய். இப்ப இருக்குறது நீரே வரவழைச்ச புண்ணு. யாரு தேய்க்கச் சொன்னது?"

"ஊசியால குத்திப் பார்த்தேன் சார். இருபதுக்கு ஆறு தெரியல்ல."

"யாரு குத்தினது?"

"நான்தான்."

"தன்னத்தானே கிச்சுகிச்சு மூட்டிச் சிரிச்ச ஆள் உண்டா? பயந்துட்டு இருக்கவன் கை அவனுக்குச் சாட்சி சொல்லாது. அடுத்தவங்க கை வேணும்." என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நாளுக்கு ஒரு நேரம் நல்ல தேங்காயெண்ணெ பைய தடவி விடும்மா. இவர்கிட்டக் கொடுக்காத, அழுத்தித் தேய்ச்சிருவாரு."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே தொட்டுப் பாத்துச் சொல்லியிருப்பனே." அதற்குமேல் அவள் அதைப் பற்றி என்றைக்கும் பேசவில்லை. இருபத்திரண்டு நாள் எண்ணெய் தடவினாள். புண் ஆறியது. நாடி எழுபத்து நான்குக்கு இறங்கியது. தூக்கம் வந்தது. எது எதனால் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தேதிகள் தெரியும். தடவும்போது அவள் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

அன்று டாக்டரிடமிருந்து நேரே கோட்டாற்றுக்கு நடந்தோம். மனைவியின் அக்கா வாசலில் நின்றார்.

"வாங்க மாப்பிள. விரதம் முடிஞ்சுதா? பிள்ளையப் பாத்தா அசந்து போவீங்க. உடம்பு நல்லா தேறிட்டு."

தேறித்தான் இருந்தது. கழுத்தில் தடமில்லை. முழங்கை மடிப்பில் லேசான கறுப்பு மட்டும்.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"மருந்தா? ஒண்ணும் குடுக்கல்ல. என் மக்கமாரு நாலு பேரு இருக்காளுவல்லா? எப்பளும் ஒருத்தி இடுப்புல வெச்சிட்டே அலைவா. படுத்தாலும் ஒண்ணுக்கு மேல ஒண்ணாக் கிடக்கும். சொறிய எங்க நேரம்?"

அந்த நாலு பேரில் ஒருத்தியின் இடுப்பிலிருந்து மகள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"வா மக்கா. அப்பா தூக்குகேன்."

அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். நேராக நடந்து வந்தாள். எனக்கு ஓரடி தூரத்தில் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்தாள்.

"பாத்தீங்களா, சொல்லிக் குடுத்தது மறக்கல்ல" என்று அக்கா மெச்சினார். என் மனைவி உள்ளே போய்விட்டாள். சட்டைப் பையில், பழக்கத்தில், ஒரு துண்டு இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. கன்னத்தைத் தொடப் போனேன். அவள் ஓரடி பின்வாங்கினாள். நான் பின்வாங்குவேனே, அதே ஓரடி. வாய் மூடவில்லை.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் கரப்பான் திரும்பியது. தினமும் மாலை எண்ணெய்க் கிண்ணத்தோடு பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அவள் வாசற்படியில் வந்து நிற்பாள், கைகள் பின்னால். கட்டாயமாகத் தூக்கிப் பார்த்தேன். மரக்கட்டை போல விறைத்தாள். அப்புறம் தூக்கவில்லை. உட்கார்ந்து மட்டும் இருந்தேன்.

1952 மே 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறேகால். அரிப்பு தாங்காமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையை மட்டும் முன்னால் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வலது கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. மடிப்பில் எண்ணெய் தடவினேன். அன்று அவள் தூங்குவதற்கு நானூற்று ஆறு தட்டு ஆயிற்று.

அவள் முழங்கை மடிப்பில் தோல் இன்றும் தடித்துக் கறுத்திருக்கிறது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் என் அறைக்கு வந்தால் கைகளைப் பின்னால் கட்டித்தான் நிற்கிறாள். அப்பாவிடம் எவ்வளவு மரியாதை என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அவளுக்குக் காரணம் ஞாபகமில்லை. நான் சொன்னதுமில்லை.

விரதம் நூற்று நாற்பத்து நான்கு நாள். ஓர் இடது கை முன்னால் வர இருநூற்று ஆறு நாள். ஆக முந்நூற்று ஐம்பது. வலது கையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.